வரிசையில் நிற்காதது

ஐந்தே முக்கால் பஸ்.
கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் மலை.
ஏழாவது கொண்டை ஊசியில் காது அடைக்கும்,
பன்னிரண்டில் மார்பு கனக்கும்.
குகையில் என் வீடு. சிரிக்காதீர்கள்,
சேலத்தில் அது ஒரு பேட்டையின் பெயர்.
அங்கே என் ஐந்து மாதத்தான்
இந்நேரம் அவன் அப்பா கையில்
புட்டிப்பாலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான்.

வெள்ளக்கடைக்கு அப்பால் காப்பித் தோட்டம்.
இருபத்திரண்டு கூண்டுகள்,
ஒவ்வொன்றிலும் வறுத்த வேர்க்கடலை, ஒரு துண்டு வாழைப்பழம்.
கரியராமன் முன்னே போகிறார்.
காலி. காலி. எறும்பு. காலி.
ஒன்பதில் பெருச்சாளி, பல்லைக் காட்டுகிறது.
பதிமூன்றில் சுண்டெலி,
தன் எடைக்குக் கடலை தின்றுவிட்டுத் தூங்குகிறது.
பதினேழு ஆடுகிறது.

"அணிலுங்க" என்றார். பிறகு குனிந்து,
"இல்லீங்க, மூக்கப் பாருங்க. மூங்கில் அணத்தான்."

நீண்ட மூக்கு. தோளில் வெளிறிய கீற்று.
வால் மட்டும் அணிலிடம் கடன் வாங்கியது.
பெரிய பெரிய படிப்பாளிகளை அலைக்கழித்த பிராணி.
முதலில் பூச்சி தின்னிகள் வரிசையில் நிறுத்தினார்கள்,
மூஞ்சூறுக்குப் பின்னால்.
பிறகு மண்டையோட்டைத் திறந்து பார்த்துவிட்டுக்
குரங்குகள் வரிசைக்கு அனுப்பினார்கள்,
தேவாங்குக்குப் பக்கத்தில்.
அங்கேயும் யாரோ பல்லை எண்ணி
இது உங்க கவுண்டர் இல்லீங்க என்றார்கள்,
கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மாதிரி.
கடைசியில் தனி வரிசை.
கங்கைக்குத் தெற்கே அதில் நிற்பது இது ஒன்றுதான்.
லத்தீன் பேரேட்டில் ஏறியபோதும்
அனத்தானா என்றே ஏறியது.
வரிசைகள்தான் மாறின.
கூப்பிட்டவர்கள் கூப்பிட்டபடியே கூப்பிட்டார்கள்.

துணிப்பையில் நூற்று ஐம்பத்தெட்டு கிராம்.
பெண்.
வயிற்று மயிரை ஊதி விலக்கினேன்.
மூன்று ஜோடி. கடைசி ஜோடியைச் சுற்றி
மயிர் தேய்ந்து, தோல் ஈரமாய்.
ஊட்டுகிறவள்.

அதை நான் எழுதி முடிப்பதற்குள்
என் சட்டையில் ஐந்து ரூபாய்க் காசளவில்
இரண்டு ஈரவட்டங்கள்.
கரியராமன் சட்டென்று
ஒரு சில்வர் ஓக் மரத்தை ஆராயத் தொடங்கினார்.

பெயர் வைத்தவர்களுக்கு
வேறு எவ்வளவோ கிடைத்திருக்கும்.
மயிர் இருக்கிறது. காதுக்குள் மூன்று எலும்பு இருக்கிறது,
காட்டெருமைக்கும், பலாமரத்தில்
தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்கும்.
காதெலும்பிகள் என்றிருக்கலாம்.
பாலூட்டிகள் என்றார்கள்,
பாதிப்பேர் ஒரு சொட்டும் சுரக்காத வகுப்புக்கு.
கரியராமனும் பாலூட்டி.
பார்க்கப்போனால், குகையில் புட்டியோடு மல்லுக்கட்டுகிறவன்தான்
இன்று காலை அந்தப் பெயருக்குச் சரியானவன்.

குரங்கு இடுப்பைவிட்டு இறக்காது.
வௌவால் குட்டியைச் சுமந்தே பறக்கும்.
முயல் இருட்டியபின் ஒருமுறை வந்து
சில நிமிடம் கொடுத்துவிட்டுப் போகும்.
கிழக்குத் தீவுகளில் இவளுடைய உறவுக்காரி
இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் குட்டிகளிடம் வருவாளாம்,
பத்து நிமிடம். மற்ற நேரம் வேறொரு கூட்டில்.
யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.
இவள் எப்படி?
நான் படித்தவரையில் அந்தப் பக்கம் காலி.

காது அளக்கவில்லை. மயிர் மாதிரி எடுக்கவில்லை.
படிவத்தில் ஆறு கட்டங்களை அப்படியே விட்டுப்
பையின் வாயைத் தரையில் திறந்தேன்.
ஓடவில்லை. ஒரு பாறைமேல் ஏறித்
தாடையைத் தேய்த்தாள். எங்களைப் பார்த்தாள்.
பிறகு நிதானமாக, கூடு இருக்கவே முடியாத பக்கமாக,
திறந்த தார்ச்சாலையை நோக்கிப் போனாள்.
"ஏமாத்துறா" என்றார் கரியராமன், மரத்தைப் பார்த்தபடியே.

பம்பு வீட்டு மேசைமேல் இருந்தது.
மிளகுக்கொடி மறைவில் உட்கார்ந்து
மண்ணில் பீய்ச்சினேன்.
சூடாக இருந்தது. கொஞ்சம் நீலமாக.
எறும்புகள் வந்தன,
ஒரே வரிசையில்.

"பதினெட்டுல எலிங்க"
என்று குரல் கேட்டது, சரிவுக்குக் கீழிருந்து.